அசையாமல் கிடந்தவள்

ஆய்க்குடி
22.6.2024

அன்புள்ள அத்தானுக்கு மாரிச்செல்வி எழுதுவது.

நானும் மஞ்சுவும் சுகமாக இருக்கிறோம். உங்கள் உடம்பு எப்படி? கால் வெடிப்புக்கு நான் கொடுத்துவிட்ட களிம்பைப் போடுகிறீர்களா, இல்லை பெட்டிக்கு அடியில் கிடக்கிறதா? போன் வைத்துக்கொள்ளக்கூட விடாத மலையில் கொண்டுபோய் உங்களை உட்கார வைத்திருக்கிறார்கள். இந்தக் காலத்தில் புருஷனுக்குத் தபால் எழுதுகிற பெண்டாட்டி ஆய்க்குடியில் நான் ஒருத்திதான்.

சுகம் என்று எழுதிவிட்டுத்தான் இதைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பதறிவிடுவீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் தம்பி பாண்டி எங்களை ஐந்தருவிக்குக் கூட்டிப் போனார். சாரல் நன்றாக இருந்தது, கூட்டமும் அப்படியே. குளித்துவிட்டு வரும்போது மஞ்சு பாசியில் வழுக்கி, படியில் பின்மண்டை இடிக்க விழுந்துவிட்டாள். ரத்தம் இல்லை. நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்தது. உடனே அழுதாள், அழுது முடித்ததும் வாழைக்காய் பஜ்ஜி கேட்டாள்.

பாண்டிக்கு மனசு கேட்கவில்லை. "மதினி, தல விசயம். ஒரு ஸ்கேன் எடுத்துட்டா நிம்மதியாப் போயிரும்லா" என்று ஈரத்துணியோடு எங்களைத் தென்காசிக்குக் கொண்டுபோய்விட்டார். பிள்ளைகளைப் பார்க்கிற அலிமா டாக்டரம்மாவிடம் போனோம். மயங்கினாளா, வாந்தி எடுத்தாளா என்று கேட்டார்கள். கண்ணில் டார்ச் அடித்தார்கள், நடக்க விட்டார்கள். கடைசியில், "இப்ப ஸ்கேன் வேண்டாம்மா. ரெண்டு நாள் பக்கத்துலேயே இருந்து பாருங்க. வாந்தி வந்தாலோ, தலைவலி கூடினாலோ, பிள்ளை சோர்ந்து தூங்கினாலோ உடனே தூக்கிட்டு வாங்க" என்றார்கள். பாண்டி விடவில்லை. "எடுக்கதுக்கு நாங்க ரெடி, எடுத்துப் பாக்கதுல என்ன டாக்டர்" என்றார். "அந்த எக்ஸ்ரே கதிர் சின்னப்பிள்ளை தலைக்குள்ள சும்மா போயிட்டு வராது. தேவைன்னா நானே எடுக்கச் சொல்லுவேன்" என்றார்கள்.

நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பாண்டி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு புளியறைச் செக்போஸ்ட்டுக்கு டூட்டிக்குப் போய்விட்டார். ஜவுளிக்கடையில் என்னோடு நிற்கிற பேராச்சி அக்கா கேட்டாளே ஒரு கேள்வி: "எம்புள்ளைக்கு வயித்து வலின்னதும் ஸ்கேன் எடுத்துட்டோம்லா. நீ தலைல அடிபட்ட பிள்ளையச் சும்மா கொண்டாந்துட்டியா?" ஊரில் இப்போது ஸ்கேன் எடுக்காத பிள்ளை என்றால் கவனிப்பில்லாத பிள்ளை என்று அர்த்தம். அந்தப் பெரிய கவரைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள்.

மஞ்சு இப்போது பாயில் குட்டிக்கரணம் போடுகிறாள். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
மாரிச்செல்வி


9.7.2024

செல்விக்கு முத்துராஜ் எழுதுவது.

இங்கு நலம். சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்கிறது. களிம்பு போடுகிறேன்.

உன் கடிதம் நேற்று கிடைத்தது. தலையில் அடிபட்ட பிள்ளைக்கு ஸ்கேன் எடுக்காமல் திரும்பி வந்தது தப்பு. இங்கே ஒருவன் கால் தடுக்கி விழுந்தால்கூடப் படம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் டூட்டிக்கு விடுவார்கள். கடிதம் கண்டதும் பாண்டியைக் கூட்டிக்கொண்டு போய் எடு. டாக்டரம்மா வேண்டாம் என்றால் வேறு இடத்தில் எடு. நான் சொன்னதாகச் சொல். இதை உத்தரவு என்றே வைத்துக்கொள்.

மஞ்சுவைப் பாசியில் நடக்க விடாதே.

முத்துராஜ்


ஆய்க்குடி
24.7.2024

ஹவில்தார் ஐயா அவர்களுக்கு மாரிச்செல்வி வணக்கத்துடன் எழுதுவது.

இங்கு அனைவரும் நலம். தாங்கள் அனுப்பிய உத்தரவு கிடைத்தது. அதைக் கையோடு எடுத்துக்கொண்டு போய் அலிமா டாக்டரம்மாவிடம் வாசித்தே காட்டினேன். அவர்கள் சிரித்துவிட்டு, "அவரு பயப்படுதாரும்மா. எல்லா அப்பாவும் இப்படித்தான். நம்ம புள்ளைக்கு எதுவும் செய்யாம இருக்கக் கூடாதுன்னு தோணும்" என்றார்கள். நீங்கள் பயப்படுகிற ஆள் இல்லை என்று நான் சொன்னேன். சரிதானே?

பிறகு எனக்கு உட்கார வைத்து விளக்கினார்கள். சி.டி. ஸ்கேன் என்பது ஒரு எக்ஸ்ரே அல்ல, பல எக்ஸ்ரே சேர்ந்த மாதிரியாம். வளருகிற பிள்ளைக்கு அந்தக் கதிரால் பெரியவர்களைவிடக் கூடுதல் கெடுதலாம். அதனால் வேண்டிய பிள்ளைக்கு ஒரு நிமிஷம்கூடத் தயங்காமல் எடுப்பார்களாம், வேண்டாத பிள்ளைக்கு அப்பா அம்மா நிம்மதிக்காக எடுக்க மாட்டார்களாம். மஞ்சு விழுந்து ஒரு மாதம் ஆயிற்று. புடைப்பு போன இடம் தெரியவில்லை. என் நிம்மதிக்காக அவள் தலைக்குள் எதையும் அனுப்ப எனக்கு மனசில்லை.

நான் மெஷினுக்கு எதிரி இல்லை. வேண்டும் என்கிற அன்றைக்கு முதல் ஆளாக நானே கூட்டிக்கொண்டு போய் நிற்பேன். அதுவரைக்கும் நீங்க எல்லையப் பாத்துக்கிடுங்க, பிள்ளை தலைய நான் பாத்துக்கிடுதேன்.

களிம்பு தீர்ந்திருந்தால் எழுதுங்கள்.

உங்கள்
மாரிச்செல்வி


ஆய்க்குடி
30.8.2024

அப்பாவுக்கு மஞ்சு எழுதுவது.

நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா. பனியில பொம்மை செஞ்சீங்களா.

நான் இப்போ ரெண்டாம் வகுப்பு. கிளாஸ்ல நான் கண்ணத் திறந்துக்கிட்டே தூங்குதேனாம். டீச்சர் கூப்பிட்டாலும் எனக்குக் கேக்காதாம். பென்சில் கீழ விழுந்துருது. வாய் மட்டும் எதையோ மெல்லுதாம். அப்புறம் நானே முழிச்சிருதேன். எனக்கு ஒண்ணும் தெரியல. டீச்சர் அம்மாகிட்ட சொல்லிட்டாங்க. அம்மா அடுப்படியில போய் அழுதா. அப்பாவுக்கு எழுதாதட்டி, அங்க இருந்து ஒண்ணும் செய்ய முடியாது, சும்மா கவலைப்படுவாகன்னா.

நான் எழுதிட்டேன். சித்தப்பா தபால்ல போடுதேன்னாரு. சீக்கிரம் வாங்க.

இப்படிக்கு
மு. மஞ்சு, 2 பி


16.9.2024

செல்விக்கு.

இங்கு நலம். அங்கு நலம் என்று இனி நீ எழுதினால் நான் எப்படி நம்புவது?

மஞ்சு எழுதியது கிடைத்தது. ஏழு வயதுப் பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? அன்றைக்கே ஸ்கேன் எடுத்திருந்தால் உள்ளே என்ன என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். தம்பி சொன்னான், கேட்கவில்லை. நான் சொன்னேன், கேட்கவில்லை. டாக்டர் பேச்சைக் கேட்டாய், இப்போது பார். என் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் உன்னை ஒரு நாளும் மன்னிக்க மாட்டேன்.

லீவு கேட்டிருக்கிறேன். பனியில் பாதை அடைக்கும் முன்னால் கிடைக்காது என்கிறார்கள். என்ன செய்தாய் என்று உடனே எழுது.

முத்துராஜ்


புளியறை
9.10.2024

மதிப்பிற்குரிய அண்ணனுக்குத் தம்பி பாண்டி வணக்கம்.

நான் நலம். செக்போஸ்ட்டில் லாரிப் புகையைத் தின்று ஜீவிக்கிறேன். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதினி உங்களுக்கு எழுதமாட்டேன் என்கிறாள். உங்கள் கடிதத்தைப் படித்தாள், மடித்தாள், பீரோவில் வைத்தாள். டீச்சர் சொன்ன வாரமே டாக்டரம்மாவிடம் காட்டி டெஸ்ட்டுக்குக் காத்திருந்தவள், மறுநாள் காலையில் கடைக்கு லீவு சொல்லிவிட்டு மஞ்சுவோடு டாக்டரம்மா வீட்டு வாசலில் நின்றாள். அதனால் நான் எழுதுகிறேன்.

அண்ணே, முதலில் ஒன்று. டாக்டரம்மாவிடம் நானே கேட்டேன், "அன்னைக்கே ஸ்கேன் எடுத்திருந்தா?" என்று. அன்று எடுத்திருந்தாலும் இது தெரிந்திருக்காது, விழுந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாகத் தோன்றவில்லை என்று அடித்துச் சொன்னார்கள். இது வலிப்பில் ஒரு வகையாம். கை கால் வெட்டி இழுக்காது, பிள்ளை கொஞ்ச நேரம் இல்லாமல் போய்த் திரும்பி வருமாம். தலையில் வயர் ஒட்டி ஒரு டெஸ்ட் எடுத்தார்கள். ஒரு பக்கம் மட்டும் வித்தியாசமாக இருக்கிறது, அங்கே கட்டியோ தழும்போ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், எம்.ஆர்.ஐ. எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். "இதுல அந்தக் கதிர் இல்ல, காந்தம்தான்" என்று அவர்கள் சொல்லி முடிக்கும் முன்னால் மதினி, "தேதி போடுங்க டாக்டர்" என்றாள். நானும் நீங்களும்தான் அவளைப் பிடிவாதக்காரி என்று சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

திருநெல்வேலியில் நவம்பர் நாலாம் தேதி. சிக்கல் என்னவென்றால், முக்கால் மணி நேரம் குழாய்க்குள் அசையாமல் கிடக்க வேண்டும். சத்தம் காதைப் பிளக்கும். சின்னப்பிள்ளைகளுக்கு மயக்க ஊசி போட்டுத்தான் எடுப்பார்களாம். அதற்குத் தனி டாக்டர் இருக்கிறார், பயம் இல்லை, ஆனால் பிள்ளை தானாகக் கிடந்தால் அதுவே மேல் என்றார்கள். மதினி, "எம்புள்ள கெடப்பா. முடியலேன்னா ஊசி போடுங்க, நான் தடுக்க மாட்டேன்" என்றாள்.

வீட்டில் தினமும் ஒத்திகை நடக்கிறது. மஞ்சு கட்டிலுக்கு அடியில் படுப்பாள். மதினி போனில் அந்த மெஷின் சத்தத்தை வைப்பாள். பிள்ளை மூக்கைச் சொறியும், காலை ஆட்டும், "அம்மா, எறும்பு" என்று வெளியே வரும். பயப்படுகிறது அண்ணே. மதினி ஒருநாளும் அதட்டவில்லை. மறுபடி முதலில் இருந்து ஆரம்பிப்பாள். அந்தப் பொறுமை எனக்கு வராது.

நீங்கள் மஞ்சுவுக்கு நாலு வரி எழுதுங்கள். பனியில் மணிக்கணக்கில் அசையாமல் காவல் கிடக்கிறவர் நீங்கள். எப்படிக் கிடக்கிறது என்று அப்பா சொன்னால் கேட்கும். சீக்கிரம் எழுதுங்கள்.

அன்புத் தம்பி
பாண்டி


1.11.2024

செல்விக்கு.

நான் நலம். தீபாவளிக்கு இனிப்பு கொடுத்தார்கள்.

பாண்டியின் கடிதம் இன்றுதான் மேலே வந்தது. பாதையில் பனி. இது உன் கைக்கு எப்போது வரும் என்று தெரியவில்லை.

பிள்ளையை வைத்து ஒத்திகை எல்லாம் வேண்டாம். அசைந்தால் படம் கெடும், படம் கெட்டால் மறுபடி அலைய வேண்டும். ஊசி போட்டே எடுங்கள். போன கடிதத்தில் கோபத்தில் எழுதியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

மஞ்சுவுக்குத் தனியாக எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. தைரியமாக இருக்கச் சொல். ராணுவக்காரன் மகள் அழக்கூடாது என்று சொல்.

முத்துராஜ்


ஆய்க்குடி
6.11.2024

அன்புள்ள அத்தானுக்கு.

மஞ்சு தலைக்குள் ஒரு குறையும் இல்லை. கட்டி இல்லை, தழும்பு இல்லை. இதை முதலில் படித்துவிட்டு மூச்சு விடுங்கள். நலம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். எப்படி இருக்கிறீர்கள்? செப்டம்பருக்குப் பிறகு உங்களிடமிருந்து கடிதம் இல்லை.

திங்கட்கிழமை விடியும் முன்பே கிளம்பினோம். உள்ளே உலோகம் ஆகாது என்று சொல்லியிருந்ததால் கம்மல், கொலுசு, ஹேர்பின், அரைஞாண் கயிற்று வெள்ளி மணி எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிட்டேன். கழற்றினதும் பிள்ளை மொட்டையாக நின்றாள். பெரிய ஊர், எத்தனை பேர் கண் படுமோ என்று கண்ணுக்கு மை தீட்டி, கன்னத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டும் வைத்துவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

ஸ்கேன் எடுக்கிற எப்சிபா மேடம் தங்கமானவர்கள். ஊசி டாக்டரைத் தயாராக இருக்கச் சொல்லிவிட்டு, "புள்ள முயற்சி பண்ணட்டும்" என்று என்னையும் உள்ளே நிற்க விட்டார்கள். மஞ்சு படுத்தாள். நான் அவள் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தச் சத்தத்தில் எனக்கே ஓடிவிடலாம் போல இருந்தது. அவள் கிடந்தாள் அத்தான். கால் விரல்கூட ஆடவில்லை.

கொஞ்ச நேரத்தில் மெஷினை நிறுத்திவிட்டு மேடம் உள்ளே வந்தார்கள். படத்தில் கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு இடம் கலங்கிக் கறுப்பாக வருகிறது என்றார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. கட்டி என்றே நினைத்தேன். அவர்கள் மஞ்சு முகத்தைப் பார்த்துவிட்டு, "மை வச்சிருக்கீங்களாம்மா? சில மையில இரும்பு கலந்திருக்கும். காந்தம் அதைப் பிடிக்கும். நாங்களும் கவனிச்சிருக்கணும்" என்றார்கள். யார் கண்ணும் படக்கூடாது என்று என் கையால் வைத்தது, அத்தனை நேரம் பிள்ளை கிடந்த கிடையை வீணாக்கிவிட்டது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க எனக்கு அழுகை நிற்கவில்லை.

இனி ஊசிதான் என்று நினைத்தேன். மஞ்சு என் முகத்தைத் துடைத்துவிட்டு, "பரவாயில்லம்மா, இன்னொரு மட்டம் கெடக்கேன்" என்று தானே ஏறிப் படுத்தாள். முதலில் இருந்து முழுசும் கிடந்தாள். எப்சிபா மேடம் கடைசியில் அவளைத் தூக்கி முத்தம் கொடுத்தார்கள். பெற்றது நான்தான், ஆனால் அந்தப் பிள்ளைக்கு முன்னால் அன்று நான் ரொம்பச் சின்னவளாக நின்றேன். அவளைக் கிடக்க வைக்க என்ன செய்தேன் என்பதை நேரில் சொல்கிறேன்.

மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். சில வருஷம் விடாமல் கொடுக்க வேண்டுமாம். இந்த வகை வலிப்பு நிறையப் பிள்ளைகளுக்கு வளர வளரப் போய்விடும் என்கிறார்கள்.

உங்கள் செப்டம்பர் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. அதற்கு நான் பதில் எழுதவில்லை, எழுதப் போவதும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாரிச்செல்வி


ஆய்க்குடி
10.11.2024

அப்பாவுக்கு மஞ்சு எழுதுவது.

நான் நல்லா இருக்கேன். மாத்திரை கசக்கு. நீங்க எப்படி இருக்கீங்க.

நீங்க எனக்கு எழுதின லெட்டரை அம்மா தினமும் ராத்திரி வாசிச்சா. எனக்கு மனப்பாடம். அதுல சொன்ன மாதிரியே கெடந்தேன். மூக்கு அரிச்சது. நீங்க பனியில கெடக்கும்போது மூக்கு அரிச்சா ஐந்தருவியில ஒவ்வொரு கிளையா நினைச்சுப் பாப்பேன்னு எழுதினீங்கள்லா, நானும் பாத்தேன். அஞ்சாவதுக்குப் போறதுக்குள்ள அரிப்பு போயிட்டு. சத்தம் மெயின் அருவிக்குள்ள தலைய விட்ட மாதிரி இருந்தது.

எனக்குப் பயமா இருந்தது அப்பா. ஆனா அப்பாவுக்கும் பயம் வரும், பயம் போகட்டும்னு காத்துக்கிட்டு இருக்க மாட்டேன், பயந்துக்கிட்டே அசையாம கெடப்பேன்னு நீங்க எழுதியிருந்தீங்கள்லா. அதான் நானும் பயந்துக்கிட்டே கெடந்தேன். ரெண்டு தடவை.

அந்த லெட்டரைத் தான்னா அம்மா தரமாட்டேங்கா. அழுக்காக்கிருவேனாம். நீங்க சொல்லுங்க.

இப்படிக்கு
மு. மஞ்சு, 2 பி


5.12.2024

என் அன்புள்ள செல்விக்கு.

நான் நலம் என்று எழுதித்தான் இத்தனை வருஷமாகப் பழக்கம். இன்று உள்ளதை எழுதுகிறேன். நேற்று ஒரே தபால் கட்டுக்குள் உன் கடிதமும் மஞ்சு கடிதமும் வந்தன. படித்துவிட்டு, ஆட்கள் இருக்கிற இடத்தில் உட்கார முடியாமல் எழுந்து வெளியே போய்விட்டேன்.

மஞ்சு சொல்லுகிற கடிதத்தை நான் எழுதவில்லை. நான் எழுதியது இதற்குள் உனக்கு வந்திருக்கும். ஊசி போடு, அழக்கூடாது என்று சொல், அவ்வளவுதான் அதில் இருக்கிறது. என்னிடமிருந்து ஒன்றும் வராது என்று தெரிந்ததும், உட்கார்ந்து என் பேரில் நீயே எழுதியிருக்கிறாய். உன்னை மன்னிக்க மாட்டேன் என்று எழுதினவனுடைய பேரில். அந்த நேரத்தில் என் மேல் உனக்கு எவ்வளவு ஆத்திரம் இருந்திருக்கும். பிள்ளையிடம் என்னைப் பற்றிக் குறைவாக ஒரு சொல் சொல்லியிருந்தால்கூட யாரும் உன்னைக் கேட்டிருக்க முடியாது. நீ எனக்கு நல்ல அப்பா வேஷம் கட்டி அவள் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறாய்.

மூக்கு அரித்தால் அருவியை நினைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. நேற்றுக் காவலில் நினைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் வேலை செய்கிறது.

ஆனால் அந்தப் பயம் உனக்கு எப்படித் தெரிந்தது? கல்யாணம் ஆன நாளில் இருந்து ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை. டாக்டரம்மாவிடம்கூட நான் பயப்படுகிற ஆள் இல்லை என்று விட்டுக்கொடுக்காமல் சொல்லியிருக்கிறாய். மஞ்சு விழுந்தாள் என்று படித்த அன்று ராத்திரி முழுக்க எனக்குப் பயம், உன் கடிதத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன், செல்வி. மறுநாள்தான் எழுதினேன். என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் உத்தரவு போட்டேன். ஸ்கேன், ஸ்கேன் என்று நான் கத்தியது பிள்ளைக்காக இல்லை, இங்கே எனக்குத் தூக்கம் வர வேண்டும் என்பதற்காக. நீயும் என்னைப் போலப் பயந்துதான் இருந்திருப்பாய். பயந்துகொண்டே வேண்டாத இடத்தில் வேண்டாம் என்றாய், வேண்டிய இடத்தில் உடனே தேதி கேட்டாய். பட்டாளத்தில் எத்தனையோ பேர் தைரியத்தைப் பார்த்துவிட்டேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

செப்டம்பரில் எழுதிய அந்த வரிக்கு நீ பதில் எழுத வேண்டாம். நான்தான் எழுத வேண்டும். தப்பு என்னுடையது. நீதான் என்னை மன்னிக்க வேண்டும்.

பாதை திறந்ததும் மாசியில் லீவு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு உதவி செய். என் பேரில் நீ மஞ்சுவுக்கு எழுதி வைத்திருக்கிற அந்தக் கடிதத்தை எனக்கு அனுப்பு. நகல் வேண்டாம், அதையே அனுப்பு. அதில் இருப்பதெல்லாம் உண்மைதான். கீழே கையெழுத்தை மட்டும் நான் போட்டுத் திருப்பி அனுப்புகிறேன். அதை மஞ்சு கையிலேயே கொடுத்துவிடு, அழுக்கானால் ஆகட்டும்.

உன்
முத்துராஜ்